அத்தையின் கணக்குப் பாடமும் என் சர்வரும்

என் மாமியார் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதப் போகிறார் என்பது ஏழு மாதம் வரைக்கும் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துபோனது. தெரியவைத்த புண்ணியவதி நான்தான். அதுவும், யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகவே என் கையால் கட்டிய ஒரு பெட்டியை வைத்து.

நாங்கள் திருவேற்காட்டில் இருக்கிறோம். அண்ணன் தம்பி நான்கு பேர், நான்கு வீடு, ஒரே காம்பவுண்டு, ஒரே கேட். என் மாமனார் மூன்றாவது தம்பி. நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து வாக்கப்பட்டவள். வீட்டிலிருந்தே ஒரு கம்பெனிக்கு மென்பொருள் சோதிக்கும் வேலை பார்க்கிறேன். அதாவது, மற்றவர்கள் எழுதியதில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்து அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வது. அதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது.

அத்தைக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒரு மத்தியானம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பத்தாவது... இந்த வயசுல எழுத வுடுவானுங்களா?"

தனித்தேர்வராக எழுதலாம் என்று தேடிப் பார்த்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உடனே ஒரு நிபந்தனையும் வந்தது. "பாஸ் ஆனா நானே சொல்லிக்கிறேன். அது வரிக்கும் யாருக்கும் மூச்சு வுடாத. முக்கியமா அக்காவுக்கு."

அக்கா என்றால் எதிர்வீட்டுப் பெரியத்தை, மூத்தவரின் மனைவி, அத்தைக்கு ஓரகத்தி. பிளஸ் டூ படித்தவர். பத்திரிகை, மருந்துச்சீட்டு, கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் என்று காம்பவுண்டுக்குள் எந்தக் காகிதம் வந்தாலும் அவர்தான் படித்துச் சொல்வார். நல்ல மனுஷிதான். ஆனால் அத்தை கையில் எதையாவது வைத்துப் படித்துக்கொண்டிருந்தால், "குடு இங்க, உனக்கு இன்னா தெரியும்" என்று வெடுக்கென்று பிடுங்கிக்கொள்வார். முப்பது வருஷமாகப் பிடுங்குகிறார். பிடுங்குகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. அத்தைக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று குத்தியிருக்கிறது.

ரகசியம் ஆரம்பத்திலேயே ஆட்டம் காணத் தொடங்கியது. வேலப்பன்சாவடியில், போனிலேயே பாட வீடியோ அனுப்பும் ஒரு டுடோரியலில் அத்தையின் நம்பரைக் கொடுத்துச் சேர்த்தேன். மறுவாரத்திலிருந்து போன் மேல் போன். "மேடம், உங்க பையன் பத்தாவதா? பிளஸ் ஒன்னுக்கு எங்ககிட்ட கம்ப்யூட்டர் குரூப் இருக்கு." அத்தை ஒரு தடவை பொறுக்க முடியாமல், "எம் பையனுக்கு முப்பத்தி நாலு வயசாவுது, பொண்டாட்டி பக்கத்துலதான் கீறா, பேசுறியா?" என்று கேட்டுவிட்டார். இன்னொரு தடவை மாமாவே எடுத்து, ராங் நம்பர் என்று திட்டி வைத்தார்.

அதைவிடப் பெரிய ஆபத்து போட்டோக்களில் வந்தது. அத்தை கணக்குப் போட்டு, அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். என் கணவர் சோம்பேறித்தனமாக அப்பா அம்மா இரண்டு பேர் போனையும் ஒரே ஆன்லைன் கணக்கில் இணைத்து வைத்திருந்தார்; ஒருவர் எடுக்கும் படம் மற்றவர் போனிலும் வந்துவிடும். ஒருநாள் மாமா தன் போனில் கோயில் படங்களைக் காட்டிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். "இது இன்னா, கட்டம் கட்டமா புள்ளியும் கோடுமா கீது?"

அத்தை வாயிலிருந்து பட்டென்று வந்தது: "கோலம்."

மாமா அந்த வரைபடத்தாளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சுமாராத்தான் கீது" என்று தள்ளிவிட்டார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடவே கோபமும் வந்தது. ஒரு பொம்பளை தன் பாடத்தைப் படிக்க நாலு கம்பெனிக்கும் வீட்டு ஆண்களுக்கும் கணக்குக் காட்ட வேண்டுமா என்று எரிச்சல். அன்றைக்குத்தான் படங்களை வீட்டுக்குள்ளேயே சேமித்துவைக்க ஒரு சொந்த சர்வர் வைப்பது என்று முடிவு கட்டினேன்.

திரை செத்துப்போன என் பழைய லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது. அதை இறக்கித் துடைத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க் பொருத்தினேன். ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும். இரண்டு சனிக்கிழமை அதோடு மல்லுக்கட்டி, இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள்களைப் போட்டு ஓடவைத்தேன். ஸ்டோர் ரூமில் அரிசி டிரம்முக்கும் இன்வர்ட்டருக்கும் நடுவில் இடம் கிடைத்தது. அத்தை அதன் தலையில் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார். அவர் போனில் எடுக்கும் படம், பேசிப் பதியும் குரல் எல்லாம் இனி எந்தக் கம்பெனிக்கும் போகாது, நேராக இந்தப் பெட்டிக்கு வந்துவிடும். கணவரிடம் குடும்பப் போட்டோக்களுக்கு என்று சொல்லிவைத்தேன்.

அத்தை அதைப் பயன்படுத்திய விதம் எனக்குத் தோன்றியே இருக்காது. ஸ்டோர் ரூமுக்குள் போய், அரிசி டிரம்மில் சாய்ந்துகொண்டு பாடத்தைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்வார். பிறகு சமைக்கும்போது காதில் மாட்டிக்கொண்டு தன் குரலையே கேட்பார். சாம்பார் கொதிக்கும், அவர் உதடு முணுமுணுக்கும். பக்தி முற்றிவிட்டது என்று மாமா நினைத்துக்கொண்டார்.

எனக்குத் தலைகால் புரியாத பெருமை. "அத்தை, அமெரிக்காவுல இருந்து ஒருத்தன் வந்து முட்டுனாலும் இதுக்குள்ள நுழைய முடியாது, பார்த்துக்கிடுங்க" என்றேன்.

"அமெரிக்காக்காரன் வந்தா வந்துட்டுப் போறான்மா, ஒரு காப்பி போட்டுக் குடுத்து அனுப்பலாம். எதிர் ஊட்டு அக்கா வரக் கூடாது. அத்தப் பாரு."

நான் சிரித்தேன். சிரிக்காமல் அவர் சொன்னதை யோசித்திருக்க வேண்டும்.

சர்வரை அமைக்கும்போது அது ஒரு கேள்வி கேட்டது. இந்த வீட்டு இணைப்பில் உள்ள டிவிகளிலும் காட்டலாமா? ஆமாம் என்று அழுத்தினேன். எங்கள் ஹாலில் இருக்கும் டிவியில் அத்தை வடிவியல் பாட வீடியோக்களைப் பெரிதாகப் பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நான் வீடு என்று நினைத்தது எங்கள் நான்கு அறைகளை. ஆனால் எங்கள் காம்பவுண்டில் வைஃபை அப்படி இல்லை. மோட்டார் ஒன்று, கேட் ஒன்று, வைஃபையும் ஒன்று. நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பதால் ரௌட்டர் எங்கள் மாடியில் இருக்கிறது. அதிலிருந்து மற்ற மூன்று வீட்டுக்கும் சிக்னல் போக, பெரிய வீடு என்று நாங்கள் சொல்லும் பெரியத்தை வீட்டு சன்ஷேடில் ஒரு டப்பா மாட்டிக் கொடுத்ததே நான்தான். உலகத்துக்கே பூட்டுப் போட்டுவிட்டு, எதிர்வீட்டுக்கு மட்டும் கதவைத் திறந்துவைத்திருக்கிறேன். மற்றவர்கள் வேலையில் ஓட்டை பார்த்துச் சம்பாதிக்கிறவள்!

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. கிரிக்கெட் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கு வீடும் பெரிய வீட்டு ஹாலில்தான் கூடும். புதிதாக வாங்கிய பெரிய டிவி. அத்தை பஜ்ஜித் தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய்க்கொண்டிருந்தார். விளம்பர இடைவேளையில் பெரியத்தையின் கணவர் பெரிய மாமா ரிமோட்டை எடுத்து எதையோ அமுக்க, திரையில் பட்டியல் ஒன்று விரிந்தது. அதில் 'வீடு' என்று ஒரு பெயர். சர்வருக்கு நான் வைத்த பெயர் அது.

"இது இன்னா புச்சா கீது? நம்ம ஊடுதானே" என்று பெரிய மாமா அழுத்தினார். கடைசியாகப் பதிந்தது தானே ஓட ஆரம்பித்தது.

"ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாக வரையப்படும் நேர்கோடு..." என்று அத்தையின் குரல் ஹால் முழுக்க நிறைந்தது.

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு தட்டோடு நின்ற அத்தையைப் பார்த்தார்கள். டிவி நிறுத்தாமல் பேசியது. "மற்ற இரண்டு பக்கங்களையும்... ஐயோ, குழம்பு அடி புடிக்குது! இந்த மனுசனுக்கு இப்பத்தான் காப்பி கேக்கணுமா... எங்க வுட்டேன்?" ஹாலே வெடித்துச் சிரித்தது. மாமாகூடச் சிரித்தார். நான் ரிமோட்டைப் பிடுங்கப் பாய்ந்தேன். அது பெரிய மாமா கையிலிருந்து நழுவி சோபாவுக்கு அடியில் போய்விட்டது.

நான் தரையில் படுத்துத் துழாவிக்கொண்டிருக்கும்போதுதான் அடுத்தது வந்தது. அன்றைக்குப் பதிவை நிறுத்த மறந்து என்னோடு பேசியிருக்கிறார். "அக்காவுக்கு மட்டும் தெரியக் கூடாதும்மா. கைல கீற புக்கைப் புடுங்கிக்கினு, உனக்கு இன்னா தெரியும்பாங்க. பயந்துகினே இத்தினி வருசம் ஓடிப்போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. பெரியத்தை மடியில் கை வைத்தபடி டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு நடந்தார். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. இத்தனைக்கும் அவமானப்பட்டது நான் இல்லை.

"நா எழுதல. வுட்டுடு" என்று அத்தை சொன்னார். அழவில்லை. புத்தகங்களை அடுக்கி அலமாரியில் வைத்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த டிவி வழியை அன்றே அடைத்தேன். அத்தைக்கென்று தனி அறை மாதிரி ஓர் இடம் ஒதுக்கி, பாஸ்வேர்டை அவரையே போடச் சொன்னேன். "உனக்கும் தெரியாத மாதிரி போடலாமா?" என்று கேட்டார். போடலாம் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டார். ஆனால் புத்தகத்தை எடுக்கவில்லை.

மறுநாள் பெரியத்தையிடம் போனேன். "தப்பு என்னோடது பெரியத்தை. அத்தை மேல கோவப்படாதீங்க."

பெரியத்தை கையிலிருந்த பத்திரிகையை மடித்துவைத்தார். "நா அப்படியாம்மா பேசுறேன்?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். என் வாய்தான் சும்மா இருக்காதே. "பேசுவீங்க பெரியத்தை. நேத்துகூட கேஸ் பில்லைப் புடுங்குனீங்க."

எங்கே அறைந்துவிடுவாரோ என்றிருந்தது. அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இன்னொரு காரியத்தையும் கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, நான்கு அடுக்கு டிபன் கேரியரோடு பெரியத்தை எங்கள் வாசலில் நின்றார். உள்ளே வந்து கேஸ் சிலிண்டரை மூடினார். "பரீட்ச முடியிற வரிக்கும் இந்த ஊட்டு அடுப்பு எரியக் கூடாது. மூணு வேளையும் அங்க இருந்து வரும். உக்காந்து படி." மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. அத்தையின் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன. பெரியத்தை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டு, "நீயே எடு" என்றார்.

அத்தை கேரியரைத் திறந்து, குழம்பை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தார். "உப்பு கம்மியா கீதுக்கா" என்றார். அப்புறம் புத்தகத்தை எடுத்தார்.

பூந்தமல்லியில் பரீட்சை மையம். மற்ற எல்லாப் பரீட்சைக்கும் நான்தான் வண்டியில் கூட்டிப்போனேன். கணக்குப் பரீட்சை அன்று மட்டும் மாமா, "நா வர்றேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, மூன்று மணி நேரமும் வெளியே வேப்பமரத்தடியில் நின்றாராம்.

முடிவு வந்த காலையில் நான்கு வீடும் எங்கள் ஹாலில்தான் இருந்தது. அத்தை என் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். அவர் தோளுக்குப் பின்னால் ஒரு டஜன் தலை. அத்தை திரும்பிப் பார்த்தார்.

"எல்லாம் வெளிய போங்க."

யாரும் நகரவில்லை. விளையாட்டு என்று நினைத்தோம்.

"மொதல்ல நா பாக்கணும். நா மட்டும். போங்க."

போனோம். நானும்தான். பின்னாலேயே கதவு சாத்தி, தாழ்ப்பாள் விழுந்தது. அந்தக் காம்பவுண்டில் பகல் வேளையில் ஒரு கதவு உள்ளே தாழிடப்பட்டதை நான் பார்த்ததே இல்லை. அத்தையின் பதிவெண்ணும் பிறந்த தேதியும் எனக்கு மனப்பாடம். போன் கையிலேயே இருந்தது. பாரேன் என்று கணவர் கண்ணைக் காட்டினார். நான் போனை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். பெரியத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறந்தது. அத்தை முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தார்.

"பாஸ்" என்றார்.

பெரியத்தை போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது. கட்டிப்பிடித்தார், அழுதார், "கணக்குல எவ்ளோ? கணக்குல எவ்ளோ?" என்று உலுக்கினார். எல்லோரும் அதையேதான் கேட்டார்கள்.

"பாஸுன்னு சொன்னேன் இல்ல? மார்க் எனக்கும் அந்தப் பொட்டிக்கும் தெரிஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டு அத்தை காப்பி போடப் போனார்.

மதிப்பெண் பட்டியலைப் படம் பிடித்து அவரேதான் சர்வரில் வைத்தார், அவருடைய அறையில். அவர் போட்ட பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. கட்டியவள் நான் என்பதால், மனசு வைத்தால் வேறு வழியாகத் திறந்துவிட முடியும். திறக்கவில்லை. பெரியத்தை மட்டும் இன்றைக்கும் வாரம் ஒரு தடவை என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "உனக்குத் தெரியாதா இன்னா? எங்கிட்ட மட்டும் சொல்லு" என்கிறார். சத்தியமாகத் தெரியாது என்கிறேன். அவர் நம்புவதே இல்லை.