லேசர் பட்ட கண்ணுக்கு லென்ஸ் கணக்கு

புரை எடுத்த கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்குப் பவர் கணக்குப் போடுவது என் வேலை. மூக்குக் கண்ணாடி சரியில்லை என்றால் மாற்றிக் கொடுத்துவிடலாம். இதை மாற்ற மறுபடியும் கண்ணைத் திறக்க வேண்டும். எங்களுக்கு ஏன் சோறு இறங்குவதில்லை என்று இதே வேலையில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியும்.

வெளிச்சம்தானே!

கூனிமேட்டிலிருந்து ஜவுளிக்கடை பாய் ஒருவர் வந்தார். முன்பு கண்ணில் ஆபரேஷன் ஏதாவது உண்டா என்றால், இல்லை என்றார். அளந்து பார்த்தால் கருவிழி தட்டையாக இருக்கிறது. கண்ணாடி போடாமலிருக்க அடிக்கிற லேசர் கருவிழியைச் சீவிவிடும். அது தெரியாமல் வழக்கமான கணக்கைப் போட்டால் லென்ஸ் பவர் குறைந்துபோய், ஆபரேஷனுக்குப் பிறகும் எல்லாம் மங்கல்தான். விடாமல் கேட்டதில் லேசர் செய்ததை ஒப்புக்கொண்டார். அவர் நிதானமாகக் கேட்டார்: “கத்தி வைக்கல, தையல் போடல. வெளிச்சம் அடிச்சதெல்லாம் ஆபரேஷனாம்மா?”

கூட வந்தவர்

பெருமுக்கல் பக்கத்து அம்மா ஒருவர், கணவரோடு வந்தார். இவர்களுக்கு உப்பளம் இருக்கிறது. பாத்தியில் ஆள் வேலையைப் பார்த்துக்கொள்வது அந்த அம்மாதான். வயதுக்கு முந்திய புரை. அதே தட்டைக் கருவிழி. நான் கேட்டதற்குக் கணவர் முந்திக்கொண்டார்: “எங்க வீட்டம்மா கண்ணாடியே போட்டதில்லீங்க.”

அவரை டீ வாங்கிவர அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்டேன். கண்ணாடி போட்ட பெண் என்று வந்த வரனெல்லாம் தட்டிப்போக, அப்பா சென்னையில் லேசர் செய்துவைத்து இவருக்குக் கட்டிக்கொடுத்தாராம். பழைய பவர் தெரிந்தால் கணக்குக்கு உதவும். ஆனால் பழைய சீட்டு, கண்ணாடி எதுவும் இல்லை. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கண்ணு எப்படியோ போவட்டும்மா. அவருக்கு மட்டும் தெரியக் கூடாது.”

சோடாபுட்டி

ஒவ்வொரு ஃபார்முலாவும் ஒவ்வொரு பவரைச் சொன்னது. ஆபரேஷன் செய்கிற டாக்டரம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார். கணக்குத் தப்பினால் அந்தக் கண்ணோடு காலம் தள்ளப்போவது அந்த அம்மா.

ஆபரேஷன் அன்று காலை, அந்த அம்மா சொட்டு மருந்துக்கு உள்ளே போனதும் கணவர் வந்தார். மடியிலிருந்து ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்தார். “நேத்து டீயோட வாசல்லயே நின்னுட்டேங்க. இது மாமனார் வீட்டுப் பரண்ல கெடந்துது, கல்யாணமான புதுசுலயே எடுத்து வெச்சிட்டேன். இத வெச்சிக் கணக்குப் போடுங்க.” கண்ணாடியின் பவரை மிஷினில் படித்தேன். டாக்டரம்மாவும் நானும் மறுபடி கணக்குப் போட்டு லென்ஸை முடிவு செய்தோம்.

மறுநாள் கட்டைப் பிரித்தோம். அந்த அம்மா போர்டின் சின்ன எழுத்து வரை படித்தார். அவர் மருந்து வாங்கப் போனதும், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கணவரிடம் கேட்டேன். “தெரியும்னு சொன்னா, இத்தினி வருஷமா அவ பயந்ததெல்லாம் வீணாப் போயிடுங்களே.”

அந்த அம்மாவின் இன்னொரு கண்ணிலும் புரை முற்றிக்கொண்டிருக்கிறது. பவரைப் பற்றி இனிப் பயமில்லை, என் வாயைப் பற்றித்தான் பயம்.