கூவாத ஏழாம் குழி

1. பதினெட்டுக் குழிகள்

ஏழாம் குழியில் இருநூற்றுப் பன்னிரண்டு ஆட்டுத்தோல்கள் கெட்டுப்போன காலையில், ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் என்னைச் சேர்த்துப் பதினான்கு பேர் சுண்ணாம்பு முற்றத்தில் நின்றோம். மேஸ்திரி முனிசாமி ஒரு தோலைத் தூக்கி விரித்தார். விரல் பட்ட இடத்தில் அது நனைந்த காகிதம் போலக் கிழிந்தது. எப்படிக் கெட்டது என்று எனக்கு மட்டும் தெரியும்.

இப்போது ஷாப்பு வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்கள் படிப்பார்களா என்பது வேறு கவலை.

நான் டாலி கிளார்க், தோல் கணக்கு எழுதுகிறவன். முடி கழன்று வருவதற்காகத் தோல்களைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போடுவோம். எட்டாம் நாள் எடுத்துவிட வேண்டும். தாண்டினால் தோல் இற்றுவிடும். மேஸ்திரிக்கு எழுத்து தெரியாது. அதனால் தினமும் காலையில் நான் பதினெட்டுக் குழிகளையும் சுற்றி வந்து நாள் கூவ வேண்டும். “மூணாம் குழி, அஞ்சாம் நாள்!” என்பேன். அவர் எங்கிருந்தாலும் “ஆச்சு!” என்பார். எட்டு என்று கூவினால் ஆட்கள் அந்தக் குழியில் இறங்குவார்கள். பதினோரு வருடத்தில் ஒரு குழியைக்கூட நான் விட்டதில்லை.

2. வேதத்துக்கு முடி

என் அப்பா அதே முற்றத்தில் ஈரத்தோல் சுமந்தவர். அவர் மகன் மிஷன் பள்ளியில் படித்துவிட்டுப் பென்சிலோடு வந்து நின்றது மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா வேதக்காரரே, ஸ்தோத்திரம்!” என்று கும்பிடுவார். கும்பிட்ட கையாலேயே சுண்ணாம்புத் தண்ணீரை அள்ளி என் காலில் வீசுவார். பாதம் வெடித்து எரியும். ஒவ்வொரு தடவைக்கும் டாலி நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தேன். அறுபத்து மூன்று புள்ளிகள். அவருக்காக அறுபத்து மூன்று தடவை ஜெபமும் செய்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அறுபத்து நான்காவது, காலில் விழவில்லை. சாப்பாட்டு வேளையில் என் பையிலிருந்து அப்பாவின் வேதப்புத்தகத்தை எடுத்தார்.

“எல்லாத்துக்கும் முடி எடுக்கறோம், இதுக்கு மட்டும் இன்னா கொறச்சல்?” என்று குழியில் போட்டார்.

இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கொக்கியால் இழுத்து எடுப்பதற்குள் தாள்கள் கூழாகிவிட்டன. முதல் பக்கத்தில் அப்பா எழுதியிருந்த எங்கள் குடும்பத்தில் ஆறு பேருடைய பெயர்களும் போயின.

“உங்க சாமி மன்னிக்கச் சொல்லிக்கீறாரே. மன்னிச்சிக்கயேன்!”

“மன்னிச்சிட்டேன், மேஸ்திரி” என்றேன்.

மறுநாள் ஏழாம் குழிக்கு எட்டாம் நாள். அதை நான் கூவவில்லை. பதினேழு தடவை மட்டும் கூவினேன். அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் பதினேழுதான். சித்திரை வெயில். பதினெட்டில் ஒன்று குறைந்தது யார் காதுக்கும் தெரியவில்லை.

3. சாயபு கேட்ட கேள்வி

முதலாளி சாயபு வந்தார். கெட்ட தோலைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“கிளார்க்கு நாள் கூவல சாயபு” என்றார் மேஸ்திரி. அவருக்கு நான்கு பெண்கள். மூத்தவளுக்கு ஆனியில் கல்யாணம் வைத்திருந்தார்.

“பதினோரு வருசமா தப்பாதவன் இன்னிக்குத் தப்பினானா? நீ தூங்கிட்டு அவன் மேல போடறியா? இன்னியோட நீ வேணாம்.”

தோல் சுமக்கும் கன்னியப்பன் முன்னால் வந்தான். மேஸ்திரியிடம் என்னைவிட அதிகமாக அடிபட்டவன் அவன். “கிளார்க்கு கூவினாரு சாயபு. என் காதால கேட்டேன்” என்றான்.

இன்னும் மூன்று தலைகள் ஆடின. நான் பொய் சொல்லவே தேவையில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். மேஸ்திரி என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, கெஞ்சவில்லை. என் இடத்தில் தான் இருந்தால் என்ன செய்வோம் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்க மாட்டார்.

“ஏம்பா தாவீது, கூவினியா இல்லியா?”

காதில் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்தேன்.

“கூவலீங்க சாயபு. தெரிஞ்சேதான் கூவல. மூணு நாளு.”

கன்னியப்பன் காறித் துப்பினான். சாயபு என் காதிலிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார். “ஆறு மாசம் குழியில எறங்கு. மேஸ்திரி கையில வேலை செய்” என்றார்.

4. மறுநாள்

முழங்கால் வரை சுண்ணாம்பில் நின்றேன். புதுக் கிளார்க் இன்னும் வரவில்லை. மேஸ்திரி கரையில் நின்றார். கும்பிடவும் இல்லை, தண்ணீர் வீசவும் இல்லை.

“இன்னாத்துக்குச் சொன்னே?” என்றார்.

“கூவாதது நான்தானே, மேஸ்திரி.”

அவர் முகத்தில் கோபம்தான் இருந்தது. அது கடைசிவரை போகவில்லை. ஆறு மாதமும் பாரமான தோல்களையே எனக்குக் கொடுத்தார். ஆனால் அன்று சற்று நேரம் கழித்து, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “நாள் கூவுய்யா, நேரமாவுது” என்றார்.

குழியில் நின்றபடியே, புதுத் தோல் போட்ட ஏழாம் குழியையும் சேர்த்துப் பதினெட்டையும் கூவினேன். பதினெட்டுக்கும் “ஆச்சு” வந்தது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அறுபத்து நான்கு புள்ளிகளுக்குக் கீழே, தனியாக ஒரு புள்ளி வைத்தேன். என்னுடையது. அந்த ஒன்று அறுபத்து நான்கைவிடப் பெரியது என்று நான் சொல்ல மாட்டேன். என் பாதங்கள் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அந்தப் பக்கத்தில் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது அந்த ஒன்றுக்கு மட்டும்தான். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொல்ல ஒரு நொடி ஆனது. கூவாமல் விட்ட ஏழாம் குழிக்குக் கணக்குத் தீர்க்கத்தான் எனக்கு ஆறு மாதம் ஆனது.