அப்பா எழுதாத கொப்பி

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பாதிப் பேராவது அவருடைய சலூன் நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்தவர்கள். கடைசி இரண்டு வருடம் அந்தக் கடை வாசலை மிதிக்காதவர்களும் உங்களில் இருக்கிறீர்கள். திவசத்துக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டுவிட்டு இப்படி எழுதுவது மரியாதை இல்லைதான். ஆனாலும் உண்மையை எழுத எங்களுக்குக் கிடைத்த இடம் இது ஒன்றுதான்.

எஹலியகொடைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், அப்பா பிறந்தார். தாத்தா ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகப் போய் முடி வெட்டுவார். வெட்டக் கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குள்ளே கூப்பிட மாட்டார்கள். ஆனால் வீட்டுச் சண்டை முழுவதையும் அவரிடம்தான் கொட்டுவார்கள். அந்தக் குடும்பத்தில் பிறந்தவருக்கு வாயை மூடிக்கொள்வது தொழிலில் பாதி. பதினேழு வயதில் யட்டியாந்தோட்டைப் பக்கம் வந்த அப்பா, வேறொருவர் கடையில் பத்து வருடம் நின்றார். பிறகு எங்கள் சின்ன பஜாரில் பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே சொந்தமாக ஒரு நாற்காலி போட்டார். அம்மா தோட்டத்தில் இறப்பர் மரத்தில் பால் வெட்டினார். நாங்கள் மூவரும் படித்தோம்.

தோட்டத்து ஆட்கள், சிங்கள முதலாளிமார், இராணுவ முகாமிலிருந்து சிப்பாய்கள் என்று எல்லாரும் அந்தக் கடைக்கு வருவார்கள். சிப்பாய்களுக்கு வெட்ட வேண்டாம் என்று ஒருமுறை நான் சொன்னேன். “அதுங்களும் வீட்ட விட்டுட்டு வந்த புள்ளைங்கதான் மகள்” என்றார்.

அந்த முகாம்தான் பிறகு ‘மக்கள் நட்புத் திட்டம்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பஜார்க் கானில் அடைத்திருந்த சாக்கடையை அள்ளினார்கள். பஸ் தரிப்பிடத்துக்கு வர்ணம் அடித்தார்கள். சந்தியில் விளக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு கடை உடைப்பு குறைந்தது உண்மை. பெண்கள் பயமில்லாமல் பஸ்ஸுக்கு நின்றதும் உண்மை. நான் மறுக்கவில்லை. வியாபாரிகள் சங்கத்தார் பூரித்துப்போய் முகாம் அதிகாரிக்கு மாலை போட்டார்கள். அந்த மாலை வாடுவதற்குள் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நீலக் கொப்பி வந்தது. யார் யார் வருகிறார்கள், தோட்டத்து ஆட்கள் கூடி என்ன பேசுகிறார்கள் என்று அதில் எழுதி வைக்க வேண்டுமாம். நகரத்தின் பாதுகாப்புக்காம். வியாபாரம் செழிப்பதற்காம்.

அப்பாவின் கடைக்கு அதிகாரி நேரிலேயே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தமிழ் படித்திருந்தார். சாப்பாடு கொண்டுபோன நான் மூலையில் நின்றிருந்தேன்.

“ஐயா, எல்லாரும் பேசுவது உங்கள் கடையில்தான். நீங்கள் எழுதினால் பெரிய உதவி.”

“முடி வெட்டுற நேரம் கண்ணு தலையில இருக்கும் சேர். காது வேலை செய்றதில்லைங்க.”

“பெயர் மட்டும் போதும்.”

“பேரெல்லாம் தெரியாதுங்க சேர். எனக்கு எல்லாமே தலதான்.”

அதிகாரி சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கொப்பியை மேசை லாச்சிக்குள் போட்டு மூடிவிட்டு, கழுத்தில் பவுடர் தட்டி அவரை அனுப்பி வைத்தார்.

அப்பாவை யாரும் அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. எழுதிக் கொடுத்த கடைகளுக்கு ‘நட்புக் கடை’ என்று பளபளப்பான ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அப்பாவின் கண்ணாடிக் கதவில் மட்டும் ஒன்றும் ஒட்டவில்லை. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைதான் முடி வெட்டுகிறவருக்கு வருடத்தில் பெரிய நாள். அந்த நாள் பார்த்து, மைதானத்தில் தோட்டத்து மக்களுக்கு இலவச முடிவெட்டு வைத்தார்கள். உள்ளூர் வியாபாரத்தை வளர்க்கிற இலட்சணம் அது. வரிசையில் எங்கள் சொந்தக்காரர்களும் நின்றார்கள். அப்பா கதவைத் திறந்து வைத்து, நாள் முழுக்கக் கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதையும் தாங்கிக்கொண்டார். அவரை உடைத்தது அதற்குப் பிறகு நடந்தது. சம்பளம் கேட்டுக் கூட்டம் போடப் போவதாகத் தோட்டத்து இளைஞர்கள் இருவர் அப்பாவின் கடையில் பேசினார்கள். அந்த வாரமே அவர்களை முகாமுக்கு விசாரணைக்குக் கூட்டிப்போய், இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அதிகாரி அந்த நாற்காலியில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவ்வளவு போதாதா? சொன்னது அப்பாதான் என்று தோட்டமே முடிவு கட்டியது. கதவில் ஸ்டிக்கர் இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. “ஆமிக்குச் சொல்றவன் பொண்டாட்டி வர்றா” என்று தண்ணீர்க் குழாயடியில் அம்மாவின் காதுபடவே ஓர் அக்கா சொன்னார். அவரும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அப்பா ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கடைசி வாரத்தில் நான் கேட்டேன்.

“சொன்னது யாருன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே அப்பா?”

“தெரியும். அவனே வந்து அழுதுட்டுப் போனான். சவரம் பண்றப்ப.”

“பேரச் சொல்லுங்கப்பா. ஒங்க பேரு சுத்தமாயிரும்.”

“கத்திக்குக் கழுத்தக் காட்டிக்கிட்டுச் சொன்னது மகள் அது. வெளிய எடுக்கக் கூடாது.”

எனக்கு அவர்மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அந்த வாரமே அவர் கண்ணை மூடினார். சாவு வீட்டுக்கு முகாமிலிருந்து கூடாரமும் நாற்காலிகளும் வந்து இறங்கின. அந்தத் துக்கத்தில் எங்களுக்குத் தடுக்கத் தெம்பில்லை. போன மாதம் சங்கத் தலைவர் இந்த மலருக்கென்று அதிகாரியின் அனுதாபச் செய்தியைக் கொண்டுவந்தார். ‘நகரின் பாதுகாப்புக்குத் தகவல் தந்து தோள் கொடுத்த பெரியவர்’ என்று அதில் இருந்தது.

“போட்டுருங்கம்மா. அப்பாவுக்குப் பெருமதானே” என்றார்.

“உசுரோட இருக்கிறப்ப அவரு எழுதாதத, செத்த பொறகு எழுத வைக்கிறீங்களா தலைவரே?” என்று கேட்டேன். அவர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அடுத்த பக்கம் வெறுமையாக இருப்பது அச்சகத்தாரின் தவறு அல்ல. அந்தச் செய்தி வரவேண்டிய இடம் அது. அங்கே அப்பாவின் லாச்சியில் கிடந்த நீலக் கொப்பியின் முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறோம். மற்றப் பக்கங்களும் அப்படித்தான் இருக்கின்றன. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்க்கலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் உண்டு. பக்கத்துக் கடை பேக்கரி முதலாளி அந்தத் தீபாவளிக்குப் பிறகு தன் கதவிலிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். யாரும் வராத காலத்திலும் சனிக்கிழமை தவறாமல் வந்து சவரத்துக்கு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் அப்பாவை முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், சாதாரண உடுப்பில் வந்து பாடைக்குத் தோள் கொடுத்த அந்த ஒரு சிப்பாய்த் தம்பிக்கும் எங்கள் கைகூப்பு. கூடாரத்துக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை.

கடைசியாக ஒருவருக்கு. நீங்கள் யாரென்று எங்களுக்குத் தெரியாது. இந்த மலர் உங்கள் கையிலும் இருக்கலாம். பந்தியில் உட்கார்ந்து பாயாசமும் குடித்திருக்கலாம். உங்கள் பெயரைச் சொல்லியிருந்தால் அப்பா பஜாரில் தலை நிமிர்ந்து நடந்திருப்பார். அவர் சொல்லவில்லை, அதனால் நீங்கள் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாயை மூடிக்கொள்ள அப்பாவுக்கு ஒரு காரணம் இருந்தது. உங்களுக்கு இல்லை.

மூத்த மகள்