கண் திறக்கும் அரங்கநாதன்

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் அரங்கநாதன் அழுகிறவர்களைப் பார்ப்பதில்லை, பிணத்தையும் பார்ப்பதில்லை. ட்யூப்லைட் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்ப்பார். அடுத்து ஜன்னல். அப்புறம்தான், முகவாயைத் துணியால் கட்டி நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் அம்மாளின் எதிரே குத்துக்காலிட்டு அமர்வார். மாலையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "இங்க பாருங்கம்மா, கண்ணு சிமிட்டாதீங்க" என்பார். கல்யாண வீடுகளில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. முதன்முறை கேட்பவர்கள் ஓர் அடி பின்னால் நகர்வார்கள். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது.

செஞ்சி காந்தி பஜாரைத் தாண்டி, ராஜகிரி மலை முழுசாகத் தெரிகிற ஒரு சந்தில் அவர் வீடு. முன்னறைதான் 'அரங்கா ஸ்டுடியோ'. சட்டைப் பையில் லென்ஸ் துடைக்கிற மஞ்சள் துணி எப்போதும் இருக்கும். அதனாலேயே டீ கிளாஸின் விளிம்பைத் துடைப்பார், பஸ் சீட்டைத் துடைப்பார், ஒருமுறை படம் எடுக்க வந்த குழந்தையின் மூக்கையும் துடைத்துவிட்டார். கல்யாணங்களை ட்ரோன் பறக்கவிடும் பையன்கள் கொண்டுபோய்விட்டார்கள். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு செல்போனே போதும் என்றாகிவிட்டது. மிச்சம் இருப்பது காதுகுத்தும் சாவும். அதிலும் சாவுதான் ஜாஸ்தி.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் வயதான பெண்கள் தனியாக நின்று படம் எடுத்துக்கொண்டதில்லை. இருக்கிற ஒரே படம் ஆதார் அட்டையில். அதைப் பார்த்துப் பெற்ற பிள்ளையே அடையாளம் சொல்ல முடியாது. ஆகவே செத்த அன்று எடுத்த படத்தைத்தான் அரங்கநாதன் கம்ப்யூட்டரில் போட்டு உயிருள்ள ஆளாக்க வேண்டும். மூக்குப் பஞ்சை எடுப்பார், முகவாய்க்கட்டை அழிப்பார், பட்டுப்புடவை உடுத்துவார். கடைசியில் கண். அதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'கண்ணு தொறக்குறது'. காரியத்துக்குள் ஃப்ரேம் போட்டுப் பிளாஸ்டிக் மாலையோடு கொடுத்துவிடுவார்.

அவர் கேமராவைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பட்டனை இரண்டு தரம் அமுக்கினால்தான் ஒரு படம் விழும். பிடிக்கிற இடத்து ரப்பர் கழன்று, சைக்கிள் பஞ்சர் பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் மேல் மூலையில் காக்கை பறப்பது போல் ஒரு கறை. புதுசு வாங்குவதா வேண்டாமா என்பது அவருடைய நிரந்தர விசாரம். டீக்கடைக்காரரிடம் கேட்டிருக்கிறார், பேங்க் அதிகாரியிடம் கேட்டிருக்கிறார், கோட்டை வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம்கூடக் கேட்டிருக்கிறார். "புச்சு இருட்டுலயே எடுக்கும். வெயிட்டு கம்மி. முடி முடியா தெரியும். ஆனா..." என்று நிறுத்துவார். பணம்தான் தடை என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு இருப்பதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இருப்பது இதுதான். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் நெட்டில் கிடைக்கிற கண்ணை எடுத்து ஒட்டுவார்கள். இவரும் ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார். தளவானூரில் ஒரு வீட்டார், "இது யாரு? எங்கம்மா இல்ல" என்று ஃப்ரேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் காரியம். வேறு வழி தெரியாமல், கேமரா வாங்கிய புதிதில் எடுத்த ஒரு படத்தைத் திறந்தார். தோட்டத்து வெளிச்சத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி மீனம்பாள், "இன்னாங்க பண்றீங்க?" என்று நிமிர்ந்து பார்த்த படம். அந்தக் கண்களை வெட்டி, ஓரத்தில் சுருக்கம் போட்டு, புருவத்தை நரைக்க வைத்துப் பொருத்தினார். தளவானூர்க்காரர் படத்தின் முன்னால் நின்றார். "எங்கம்மா என்னக் கூப்புட்ற மாரியே பாக்குது" என்று சொல்லிவிட்டு உடைந்து அழுதார்.

அன்றிலிருந்து செத்த பெண்கள் எல்லோருக்கும் மீனம்பாளின் கண்கள்தான். ஆண்களுக்கு அவருடைய நைனாவின் கண்கள். அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

சீயமங்கலத்தில், தளவானூரில், அனந்தபுரத்தில், எத்தனை சுவர்களில் என்று அவருக்கே கணக்கில்லை. சின்னச் சிவப்பு பல்புக்குக் கீழே மீனம்பாள் கிழவியாகி, நிறம் மாறி, மூக்குத்தி மாறி உட்கார்ந்திருக்கிறாள். பத்திரிகை வைக்கப் போகிற வீட்டிலும், தண்ணீர் வாங்கிக் குடிக்கிற வீட்டிலும் அவரைப் பார்த்து, இன்னாங்க பண்றீங்க என்று கேட்கிறாள். அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும் அரங்கநாதன் படத்துக்கு நேர் கீழே, சுவரோடு சுவராக உட்கார்ந்துகொள்வார். அங்கே அது அவரைப் பார்க்க முடியாது. மனுஷன் எவ்வளவு அடக்கம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

ஒருமுறை மீனம்பாள் மட்டும் அனந்தபுரத்துக்கு ஒரு புதுமனைப் புகுவிழாவுக்குப் போய்விட்டு வந்தாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்த வூட்டுக் கெழவி செவுத்துலேந்து என்னையே பாத்துகினு இருந்துது" என்றாள். அரங்கநாதன் மஞ்சள் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்த மேஜையை மறுபடி துடைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் பார்வை மங்க ஆரம்பித்தது. புதுச்சேரியில் காட்டினார்கள். கருவிழியில் கோளாறு என்றார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள், கண்ணாடியை மாற்றினார்கள். ஒரு ஃப்ரேமைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்த சாயங்காலம், ஊசியில் நூல் கோக்க வரவில்லை என்றாள். அடுத்த ஃப்ரேமுக்கு அப்புறம் பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரியவில்லை என்றாள். ஒவ்வொரு படத்துக்கும் தான் அவளிடமிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருப்பதாக அரங்கநாதன் மனசார நம்புகிறார். படித்தவர்கள் சிரிக்கலாம். நாமும் சிரித்தவர்கள்தான், அனந்தபுரத்து வீட்டில் அந்தப் படத்தின் முன்னால் போய் நிற்கிற வரைக்கும்.

இப்போது புதுக் கேமராவின் வம்பு புரியும். பழைய படத்திலிருந்து வெட்டிய கண் பழைய கேமராவின் மங்கலுக்குத்தான் பொருந்தும். புதுக் கேமரா எடுக்கிற முகத்தில் ஒட்டவே ஒட்டாது. வாங்கினால் மீனம்பாளின் கண்களை எடுத்தாள்வது தன்னால் நின்றுபோகும் என்று ஒரு மனசு சொல்லும். வாங்கினால் அவளைப் புதுசாக உட்கார வைத்து, மிச்சமிருக்கிற பார்வையையும் எடுக்கத் தோன்றும் என்று இன்னொரு மனசு பயப்படும். கண் திறக்காமல் பிழைப்பும் இல்லை. டீக்கடைக்காரர் எதைக் கண்டார், மெகாபிக்சல் கணக்கு சொல்லிக்கொண்டிருந்தார்.

திண்டிவனத்தில் கேமரா கடை வைத்திருக்கும் குருவுக்கு இந்த இழுபறி அலுத்துவிட்டது. கடையில் இருந்த ஒரு புதுக் கேமராவைப் பையோடு கையில் கொடுத்து, கொஞ்ச நாள் வைத்திருந்து பாருங்கள் என்று அனுப்பிவிட்டார். "ஒண்ணுமே பண்ண வாணாம்ணா. அதுவே கண்ணத் தேடிப் புடிச்சிக்கும். பச்சையா ஒரு கட்டம் வந்து கண்ணு மேல நிக்கும். அமுக்கிட வேண்டியதுதான்" என்றார்.

மறுநாள் மத்தியானமே சீயமங்கலத்திலிருந்து போன் வந்தது. பவுனம்மாள் என்ற அம்மாள் தவறிவிட்டார். மீனம்பாளுக்கு அறிமுகமானவர், எப்போதோ ஒருமுறை தோட்டத்தில் காய்த்த பூசணிக்காயை ஸ்டுடியோ வாசலில் வைத்துவிட்டுப் போனவர். வீட்டில் கரண்ட் இல்லை. அரங்கநாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புதுக் கேமராவைத் தூக்கினார். பச்சைக் கட்டம் வந்தது. பவுனம்மாளின் மூடிய கண்களில் அது நிற்கவில்லை. முகத்தை விட்டு நழுவி, தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்த பெண்கள் யார்மீதும் தங்காமல், மேலே ஏறிச் சுவருக்குப் போனது. அங்கே பவுனம்மாளின் ஓரகத்தி அம்மாக்கண்ணுவின் படம் மாட்டியிருந்தது. சில வருஷங்களுக்கு முன் இவரே கண் திறந்து கொடுத்தது. கட்டம் அந்தக் கண்மேல் போய் நின்றுகொண்டது. அவர் கேமராவை இடப்பக்கம் சாய்த்தார், வலப்பக்கம் சாய்த்தார். கட்டம் அதே கண்ணை விடாமல் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது.

சுவர் தெரியாதபடி முழங்காலால் நகர்ந்து பவுனம்மாளின் முகத்துக்கு வெகு அருகில் போய் ஒருவழியாக எடுத்து முடித்தார். வெளியே வரும்போது பந்தல் கால் ஓரம் நின்றிருந்த பெரியவர், "இன்னாப்பா, இன்னிக்கி அந்தம்மாவ இங்க பாருன்னு சொல்லவே இல்ல?" என்று கேட்டார். அரங்கநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரில் பவுனம்மாள் தோல் சுருக்கம் ஒவ்வொன்றோடும், நெற்றி விபூதியின் பொடிப்பொடியோடும் வந்து உட்கார்ந்தார். காக்கைக் கறை இல்லை. மீனம்பாளின் பழைய கண்களைப் பொருத்திப் பார்த்தார். முகம் தெளிவாக இருந்தது, கண்கள் மட்டும் புகைக்குள் இருந்தன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்பக்கம் திரும்பி, "மீனா, செத்த வந்து ஒக்காரு. இந்தக் கேமராவ டெஸ்ட்டு பண்ணணும்" என்றார்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் சொல்லாமலே கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாருக்கு?" என்றாள்.

அவர் மஞ்சள் துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தார்.

"அனந்தபுரத்துல அந்தப் படத்தப் பாத்தன்னிக்கே தெரியும். என் கண்ணு எனக்குத் தெரியாதா? இப்ப யாருக்குன்னுதான் கேக்குறேன்."

"பவுனம்மாளுக்கு" என்றார்.

"நல்ல பொம்பள. எடுங்க."

கேமராவைத் தூக்கினார். பச்சைக் கட்டம் தேடவே இல்லை. நேராக வந்து அவள் வலது கண்மேல் நின்றது, சீயமங்கலத்துச் சுவரில் நின்றதைப் போலவே. புதுக் கேமரா எல்லாவற்றையும் காட்டியது. தினமும் எதிரே உட்கார்ந்து சோறு தின்றும் அவர் பார்க்காமலிருந்த வெண்மூட்டம் அவள் கண்மணியின் மேல் படர்ந்திருப்பதையும் காட்டியது. பட்டன் மேல் வைத்த விரலை எடுத்தார். கேமராவை அணைத்தார். குருவின் பைக்குள் வைத்து, ஜிப்பை முழுக்க இழுத்து மூடினார்.

மீனம்பாளுக்கு அது தெரியவில்லை. கேமரா இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். "எடுத்துட்டீங்களா?" என்றாள்.

"இல்ல. பவுனம்மா கண்ண மூடிகினே இருக்கட்டும்" என்றார் அரங்கநாதன்.

பிறகு ஸ்டூலுக்கு அருகில் வந்தார். எத்தனையோ சாவு வீடுகளில், எத்தனையோ பேர் எத்தனையோ முகங்களுக்குச் செய்வதை அவர் பார்த்திருந்தபடி, கட்டைவிரலையும் நடுவிரலையும் அவள் இமைகளின் மேல் வைத்து மெல்லக் கீழே இறக்கி மூடினார். விரல்களுக்கு அடியில் இரண்டு கண்களும் அசைந்துகொண்டிருந்தன. அவர் கையை எடுக்கவில்லை.