இடது கண்ணுக்கு வந்த மீன்கொத்தி

முதலில் லென்ஸில்தான் அழுக்கு என்று நினைத்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் கொள்ளிடக் கரை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நான் கேமராவோடு நிற்கும் இடம் அது. அன்று எதிரே ஒரு கம்பத்தில் கரிச்சான் குருவி உட்கார்ந்திருந்தது. கேமராவில் வலது கண்ணை வைத்தால் கம்பம் தெரிகிறது, வால் நுனி தெரிகிறது, நடுவில் பறவையைக் காணோம். மூன்று தடவை லென்ஸைத் துடைத்தேன். புடவைத் தலைப்பால் துடைக்கக் கூடாது என்று எனக்கே தெரியும். அன்று அதையும் செய்தேன். அப்புறம்தான் கேமராவை இறக்கிவிட்டு, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தேன். அவருக்குக் காது இருந்தது, மூக்கு இல்லை.

புத்தூரில் கண் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "உள்ளே ஒரு சின்ன ரத்தக்குழாய்ல அடைப்புங்க. ஊசி போட்டா மேற்கொண்டு மோசமாகாம நிறுத்தப் பாக்கலாம். போனது முழுசா திரும்பும்னு சொல்ல முடியாது." கண்ணில் ஊசியா என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு. "இனிமே போட்டோ எடுக்கலாமா டாக்டர்?" என்றுதான் கேட்டேன். "அதான் இன்னொரு கண் நல்லா இருக்கே" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார் மனிதர்!

வலது கண்ணை மட்டும் மூட எனக்கு வரவே இல்லை. அதை மூடினால் இடதும் கூடவே மூடிக்கொள்ளும். நிலைக்கண்ணாடி முன் நின்று பழகினேன். "யாருக்கு டீச்சரம்மா இந்த வயசுல கண்ணடிக்கிற?" என்று பின்னாலிருந்து கேட்டார் என் கணவர். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கையில் சீப்பு இருந்தது; எடுத்து எறிந்தேன். கடைசியில் மூக்குக்கண்ணாடியின் வலது பக்கத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் நான் எடுத்ததெல்லாம் வெறும் கிளை, வெறும் வானம். பறவை எதிரிலேயே உட்கார்ந்திருக்கும். கேமராவைத் தூக்கினால் எங்கே போயிற்று என்று தெரியாது. இருபது வருஷமாக வலது கண் தானாகச் செய்த வேலை இடது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் இப்படியே ஓடியது.

அந்தமான் டிக்கெட் கண் கெடுவதற்கு முன்பே எடுத்தது. ரத்து செய்துவிடலாம் என்றேன். என் கணவர் கேட்கவில்லை. "சரி, வரேன். ஆனா அங்கயும் ஒரு பறவைகூட மாட்டலேன்னா கேமராவ அண்ணன் பொண்ணுகிட்ட கொடுத்துடுவேன். அப்புறம் அதப் பத்தி யாரும் பேசக் கூடாது" என்றேன். கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது. கேமரா இல்லாத ஞாயிற்றுக்கிழமையை நினைப்பதே கொடுமைதான். ஆனால் வாரா வாரம் வெறும் கிளைகளோடு வீடு திரும்புவது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

போர்ட் பிளேருக்குத் தெற்கே, காடு கடலில் வந்து முடிகிற ஒரு முனை. சிடியா டாப்பு என்று பெயர். பறவைகளுக்கே பேர்போன இடம். நம் ஊர் வாழைத்தோப்பில் கன்னங்கரேலென்ற உடம்போடும் செம்பழுப்புச் சிறகோடும் திரியும் செம்போத்து, அங்கே வெயிலில் போட்டு எடுத்த பழைய புடவை மாதிரி வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தது. அதுவும் மாட்டவில்லை. பச்சைக்கிளிக் கூட்டம் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போனது. எனக்குக் கிடைத்தது பத்துப் பன்னிரண்டு இலைகள்.

என் கணவருக்கு எல்லாப் பறவையும் குருவிதான். "அதோ குருவி! அதோ, அதோ!" என்று கையை நீட்டினார். "அதோன்னா எங்கங்க? ஆயிரம் மரம் நிக்குது, எந்த மரம்?" என்று கத்தினேன். குருவி பறந்துவிட்டது. ஆத்திரத்தில், "முப்பது வருஷம் ரயில் ஓட்டின மனுஷனுக்கு ஒரு இடத்தக் காட்டத் தெரியல" என்றும் சொல்லிவிட்டேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

மறுநாள் காலை அதே இடத்துக்குப் போனோம். அந்தமானில் எங்களுக்கு அதுதான் கடைசிக் காலை. கரையில் பட்டுப்போன மரம் ஒன்று நின்றது. அவர் என் வலது பக்கம் வந்து நின்று, கையை நேராக நீட்டி, ரொம்ப மெதுவாக ஆரம்பித்தார்.

"எதிர்ல மொட்ட மரம். இடது பக்கம், கீழேர்ந்து ரெண்டாவது கிளை. நுனிலேர்ந்து ஒரு முழம் உள்ள. நீலம்."

"ம்."

"ம் இல்ல. திருப்பிச் சொல்லு."

"நான் என்ன உங்க அசிஸ்டென்ட்டா?"

"இன்ஜின்ல சிக்னல ஒருத்தர் சொன்னா இன்னொருத்தர் திருப்பிச் சொல்லியே ஆகணும். சொல்லலேன்னா நீ பாத்தியா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்? சொல்லு."

எரிச்சல் தலைக்கேறியது. பறவை பறந்துவிடுமே என்ற பயத்தில்தான் சொன்னேன். "மொட்ட மரம்" என்றதும் கண் மரத்துக்குப் போனது. "இடது பக்கம், கீழேர்ந்து ரெண்டாவது கிளை." கேமராவும் கூடவே நகர்ந்தது. "நுனிலேர்ந்து ஒரு முழம் உள்ள..." இத்தனை நாளும் நான் நேராகப் பறவையைத் தேடித்தான் தொலைத்திருக்கிறேன். கிளை வழியாக நடந்து போனால் அது அங்கேயே இருந்தது. நீல முதுகு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை, கனத்த அலகு. அந்தத் தீவுகளின் மீன்கொத்தி.

நாலைந்து தடவை அழுத்தியிருப்பேன். பறவை போன பிறகு திரையில் பார்த்தேன். இருந்தது. வெட்கப்படாமல் அழுதேன். அவர் கைக்குட்டையை நீட்டிவிட்டுத் தானும் எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! நல்லா வந்திருக்கே!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கினேன். அலகில் வெளிச்சம் அதிகம். வால் பாதியோடு வெட்டுப்பட்டிருந்தது.

"நல்லா இல்லீங்க. வால் போச்சு" என்றேன். "இத வீட்டுல மாட்ட முடியாது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதமாக என் படங்களில் குறை சொல்லப் பறவையே இருந்ததில்லை என்பது எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவர் ஏதாவது சொல்லி என்னை மறுபடி அழவைப்பதற்குள் கேமராவை இடது கண்ணில் வைத்தேன்.

"அடுத்தது எங்க இருக்கு? சொல்லுங்க."