இரண்டாவது பேண்டேஜ்

பெரியவனே, சின்னவளே, இருவரும் கேளுங்கள். நேற்று மாம்பலம் ஸ்டேஷன் படியில் சின்னவளுக்குக் கால் பிசகியது. நான் அவள் காலடியில் உட்கார்ந்து ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது, பெரியவன் கதவோரம் நின்று முறைத்தான். அந்த முறைப்பு எனக்குப் புதிதல்ல. பெரியவனே, உன் வயதில் நானும் அதே முகத்தோடு திரிந்தவன்தான்.

அப்போது எங்கள் வீடு கோடம்பாக்கத்தில். என் நைனா, அதாவது உங்கள் தாத்தா, சினிமாச் சண்டைகளில் அடி வாங்குகிறவர். மாடியிலிருந்து குதிப்பார், கண்ணாடியை உடைத்துக்கொண்டு விழுவார்.

ஒரு நாள் அக்கா தெருவில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடும்போது கால் மடங்கி விழுந்தாள். கணுக்கால் பூரி மாதிரி உப்பிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, "இழுத்து நீவுனா சரியாப் பூடும்" என்றார்.

நைனா கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார். "இன்னாக்கா நீ, வீங்கிக்கினு கீது, இப்பப் போய் நீவுறேன்ற! உள்ள ஜவ்வு இழுத்துக்கினு கீது. இன்னும் கெட்டுப் பூடும்."

அக்காவை நாலடி நடக்கச் சொன்னார். கணுக்கால் எலும்பை இரண்டு பக்கமும் அமுக்கிப் பார்த்தார். "ஊணி நடக்குது, எலும்புல வலி இல்ல. இருந்தா இந்நேரம் எக்ஸ்ரேவுக்குத் தூக்கினு ஓடியிருப்பேன்."

அதற்குப் பிறகுதான் எனக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. மீன்காரரிடம் ஐஸ் கேட்டு வாங்கி வருவார். துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வைப்பார். வீட்டிலிருந்த இரண்டு தலையணையும் அவள் காலுக்குக் கீழே போயிற்று; என் தலைக்கு என் பள்ளிப் பைதான். விரல் பக்கம் தொடங்கி எட்டுப் போட்டாற்போல் பேண்டேஜைச் சுற்றுவார். கட்டு இறுக்கமா என்று பார்க்க அவள் கால் நகத்தை அமுக்கிவிட்டு, சிவப்பு திரும்பும்வரை காத்திருப்பார். என் நகத்தை அவர் பார்த்ததெல்லாம் அழுக்குக்காகத் திட்டும்போதுதான்.

மூன்றாம் நாள் காலை நானும் நொண்டினேன். சாயங்காலம் நைனா வந்ததும் இன்னும் நன்றாக நொண்டினேன்.

அக்கா படுத்தபடியே கத்தினாள். "நைனா, பொய்யி! காலையில அந்தக் காலு, இப்ப இந்தக் காலு!"

நைனா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வுடும்மா. சில வலி எடம் மாறும்" என்றார்.

தடுப்புத் தட்டிக்குப் பின்னால் போய், கையில் இன்னொரு பேண்டேஜோடு வந்தார். என் எதிரே உட்கார்ந்து, அக்காவுக்குக் கட்டியது போலவே விரலிலிருந்து தொடங்கினார். என் நகத்தையும் அமுக்கிப் பார்த்தார்! பேண்டேஜ் வெதுவெதுப்பாக இருந்தது. லேசாக வேர்வை வாடை. உட்கார்ந்ததில் அவர் லுங்கி விலகியது. முழங்காலைச் சுற்றிக் கோடு கோடாய்ப் பள்ளம்.

"இன்னா நைனா இது?"

"பாயில படுத்தேன் இல்ல, பாய்க் கோடு."

நான் நம்பினேன். அக்காவைப் பார்த்து நாக்கைத் துருத்தினேன். மறுநாள் கட்டோடு தெரு முழுக்கச் சுற்றி வந்தேன், சமயத்தில் நொண்டவே மறந்துபோய்.

அன்று சாயங்காலம் நைனாவை இரண்டு பேர் ஆட்டோவிலிருந்து கைத்தாங்கலாக இறக்கினார்கள். ஷூட்டிங்கில் குதித்த இடத்தில் முழங்கால் மடங்கிவிட்டதாம். ஏற்கெனவே பிசகியிருந்த கால் என்று அவர்களில் ஒருவர் என் அம்மாவிடம் சொன்னார். தலையணைகள் நைனாவின் காலுக்குப் போயின. அக்கா எழுந்து நடந்து, அவருக்கு ஐஸ் வைத்தாள். எனக்கு வந்தது வருத்தமில்லை, பிள்ளைகளே, கோபம். என் முறை ஒரே நாளில் முடிந்துவிட்டதே என்று. மூன்று வாரம் அவர் வேலைக்குப் போகவில்லை. என் காலில் இருந்த கட்டை அவிழ்த்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

நேற்று சின்னவளுக்காகக் கடையில் வாங்கிய இரண்டு பேண்டேஜில் ஒன்றைப் பிரித்தேன். கையில் அது சில்லென்று இருந்தது. அன்றைக்கு நைனா எனக்குக் கட்டியது ஏன் சூடாக இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்து அப்போதுதான் கேட்டுக்கொண்டேன்.

இன்று காலை பெரியவன் பள்ளிக்கும், சின்னவள் உங்கள் அம்மாவோடு டாக்டரிடமும் போன பிறகு, மிச்சமிருந்த இன்னொரு பேண்டேஜை எடுத்து என் முழங்காலில் சுற்றிக்கொண்டேன். சூடேறும்வரை உட்கார்ந்திருந்தேன். பிறகு அவிழ்த்து, சூட்டோடு சுருட்டி, பெரியவனின் தலையணைக்குக் கீழே வைத்தேன், அவன் வருவதற்குள் ஆறிவிடும் என்று தெரிந்தும்.