மேலாளர் வடித்த முதலைக் கண்ணீர்

சேதுபதி, மலாயாவின் காஜா பேராங்கில் கித்தா என்னும் ரப்பர்க் கிடங்கு ஒன்றின் லாரி ஓட்டுநர். தொழிற்சங்கச் செயலாளரும் அவரே. ஜப்பான்காரன் வந்ததும் ஏழாம் வகுப்போடு நின்றுபோன தன் ஆங்கிலப் படிப்பைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. பேசியிருக்கலாம்.

ஐம்பத்தாறில் கித்தாக் கட்டுகள் சரிந்து அப்பாசாமி என்ற சுமைத் தொழிலாளி இறந்தார். சவ ஊர்வலத்தில் வெள்ளைக்கார மேலாளர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுவாரமே, இறந்தவரின் கவனக்குறைவுதான் காரணம் என்று அறிவித்தார். சங்கப் பலகையில் சேதுபதி ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி ஒட்டினார்: மேலாளர் வடித்தது முதலைக் கண்ணீர்.

வரியில் பிழையில்லை என்று அலுவலக எழுத்தர்களே சொன்னார்கள். அதனாலேயே யாரும் நம்பவில்லை.

"இது உங்க இங்கிலீசா, தொர வீட்டு இங்கிலீசா?" என்றான் சுமை தூக்கும் ஜெயபாலன். "எங்கள மாட்டிவிடப் பாக்குறீங்களா?"

"நான்தாண்டா எழுதுனேன்."

"அதான் பயமா இருக்கு லா."

மேலாளரின் சந்தேகம் வேறு. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளையர் அரசு அறிவித்திருந்த அவசரகாலம் அது. லாரிக்காரனுக்கு இந்த ஆங்கிலம் ஏது? காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டு எவனோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். சேதுபதியை அழைத்தார்; சாட்சிக்கு ஜெயபாலனையும் வரச் சொன்னார். தலைமை எழுத்தரான பெரிய கிராணி தேவதாஸ் ஒரு தாளை நகர்த்தினார்.

"அதே சொல்ல வெச்சு வேற வரி எழுதுய்யா. தப்பா எழுதுனா வெளியாள் வேல; போலீசு வரும், சங்கத்த மூடும். சரியா எழுதுனா உன் வேல போவும்."

"இதுல எது ஒங்களுக்கு வசதி, கிராணியாரே?"

"எழுதுய்யா."

சேதுபதி எழுதினார். தேவதாஸ் படித்துவிட்டுத் தயங்கினார். "என்ன லா எழுதியிருக்காரு?" என்று ஜெயபாலன் கேட்டதும் மெல்லச் சொன்னார்: "இவர வேலயவிட்டு நிறுத்துறப்பவும் தொர முதலக் கண்ணீர் வடிப்பாராம்."

மேலாளர் தாளை வாங்கிப் படித்தார். பிறகு, உன்னை இழப்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கிராணி அதையும் தமிழில் சொல்ல, ஜெயபாலன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சேதுபதியைத் துணிச்சல்காரர் என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம்தான். முன்கோபமும் வெளியே அப்படித்தான் தெரியும். ஆனால் அந்தத் தொடரை அவர் சரியாகத்தான் கையாண்டார். மேலாளரே அதற்குச் சாட்சி சொல்லிவிட்டார்.

போலீசு வரவில்லை, சங்கம் பிழைத்தது. சேதுபதி லாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். ஜெயபாலன் வாசல்வரை கூடவே வந்தான்.

"அண்ணே, இவ்ளோ இங்கிலீசு தெரிஞ்சவரு எதுக்கு இத்தன நாளா லாரி ஓட்டுனீங்க?"

அவன் குரலில் சந்தேகம் இன்னும் போகவில்லை.